'அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ்' நாடகம்: யாருடைய அந்தக் காலம்?

திரைக்குப்பின் · நவம்பர் 2, இரவு 11.20

வணக்கம் நண்பர்களே. பினாங்கில் பொழுதுபோக்காக நாடகம் போடும் எங்கள் குழுவைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருக்கிறேன். பதினெட்டுப் பேர். ஒருவரும் தொழில்முறை நடிகர் இல்லை. ஆசிரியர், டாக்சி ஓட்டுபவர், தாதி, பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று கலவை. ஷிப்ட் மாறினால் ஒத்திகையும் மாறும்.

இந்த டிசம்பருக்கு 'அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ்' என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி. தலைப்பை எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். ஒற்றுமை அதோடு முடிந்தது. செயற்குழுவில் பாதிப்பேர் மனத்தில் இருப்பது வாழ்த்து அட்டைப் படம்: உயரத் தொப்பி, கம்பளித் துண்டு, தெருவிளக்கடியில் பாடும் கூட்டம், மேலிருந்து பனி. பி.வி.சி. குழாயில் தெருவிளக்கு செய்தாகிவிட்டது, அழகாகத்தான் இருக்கிறது. கோட்டுகள் பண்டல் (பழைய துணி) கடையில் கிடைத்தன.

நேற்று அவற்றைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். ஏர்கான் இல்லாத மண்டபம். தாத்தா வேடம் கட்டியவருக்கு இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கைவழியே வேர்வை இறங்கி, பிடித்திருந்த வசனத்தாளில் மை ஊறிவிட்டது. "இந்தக் குளிர் எனக்குத் தாங்காதுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தும் அது மனத்தை விட்டுப் போகவில்லை. என் அம்மா சொல்லும் கிறிஸ்துமஸில் பனி கிடையாது. கித்தா (ரப்பர்) மரம், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடு, பெட்ரோமாக்ஸ். அப்புறம் நாங்கள் எதற்கு லண்டன் தெருவைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்? உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது, சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததாக இருந்தால் மேடைக்கு உதவும்.

நேற்று_வந்தவன் · நவம்பர் 2, இரவு 11.48

அண்ணே, நான் இப்படிச் சொல்வதற்கு மன்னிக்கணும். பனி வேண்டும். என் தங்கச்சி பிள்ளைகள் பேரங்காடியில் நுரைப்பனி விடும் நேரம் பார்த்துத்தான் சாப்பாட்டுக்கே வருவார்கள். டிக்கெட் விற்க வேண்டாமா?

லைட்டுக்காரன் · நவம்பர் 3, காலை 7.05

நுரை மெஷின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அந்தத் திரவம் ஏறக்குறைய சோப்புத் தண்ணீர். காய்ந்த மாதிரித் தெரியும், ஆனால் தரையில் மெல்லிய வழவழப்பு தங்கும். சில வருடம் முன்பு ஒரு மண்டபத்தில் (பெயர் வேண்டாம்) நுரை விட்டதற்கு அடுத்த காட்சி பரதநாட்டியம். வெறுங்கால். முதல் தட்டடவிலேயே ஒரு பெண் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி பெரிதில்லை, ஆனால் அழுகையை நிறுத்த முடியவில்லை. மண்டபத்துக்காரர் துடைக்கும் கூலியை வைப்புத்தொகையில் பிடித்துக்கொண்டார்.

பனி வேண்டுமானால் பழைய முறை இருக்கிறது. மேடை அகலத்துக்கு ஒரு நீளத் துணி. அதில் விரல் நீளத்துக்கு வரிசையாகக் கீறல் போட்டு, இரண்டு மூங்கிலுக்கு நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, உள்ளே வெள்ளைத் தாள் துணுக்குகளைக் கொட்டுங்கள். ஓரத்தில் நின்று ஒருவர் கயிற்றை மெல்ல அசைத்தால் துணுக்கு கொஞ்சம் கொஞ்சமாக விழும். வேகமாக இழுத்தால் மூட்டை அவிழ்ந்த மாதிரி மொத்தமாக விழும். ஆகவே கயிற்றைப் பொறுமைசாலியிடம் கொடுங்கள்.

இன்னொன்று. பெட்ரோமாக்ஸ் காட்சி வைத்தால் மஞ்சள் விளக்கு போடாதீர்கள். பம்ப் அடித்து மேன்டில் ஏறியதும் வருவது கண் கூசும் வெள்ளை. நாடகங்களில் எப்போதும் தப்பாக மஞ்சளைப் போடுகிறார்கள். மஞ்சள் மெழுகுவர்த்திக்கு. பெட்ரோமாக்ஸுக்கு வெள்ளையும், கூடவே அந்த 'உஸ்' சத்தமும்.

கூலிம்_அக்கா · நவம்பர் 3, மதியம் 1.32

தம்பி, நான் கெடாவில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபதுகளில் சின்னப் பிள்ளை. நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு அறைதான். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் ஜெபம் சொல்வார். டிசம்பர் தொடங்கியதும் அவருக்குக் கை பரபரக்கும். முதல் வேலை நட்சத்திரம். மூங்கிலைப் பிளந்து, ஐந்து முனை வைத்து இரண்டு நட்சத்திரம் கட்டி, நடுவில் குறுக்குக் குச்சி கொடுத்துப் புடைக்க வைப்பார். மேலே பட்டம் விடும் மெல்லிசுத் தாள், மைதாப் பசை. பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார், பூச்சி அரிக்காமல் இருக்க. உள்ளே மெழுகுவர்த்தி. ஒரு வருடம் காற்றடித்து நட்சத்திரம் பற்றிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். உபதேசியார் மட்டும் அது முழுசாக எரிந்து முடியும் வரை கைகட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேற கட்டலாம்" என்றார்.

குடிலுக்குப் புல் வேண்டும். கடையில் வாங்கும் பச்சைத் தாள் எல்லாம் அப்போது ஏது. 12, 13 தேதிவாக்கில் தாம்பாளத்தில் மண் பரப்பி நெல்லைத் தூவுவோம். சில வீட்டில் கேழ்வரகு. தினமும் தெளிக்கிற தண்ணீர்தான். 24ஆம் தேதிக்கு விரல் உயரத்துக்கு வந்து நிற்கும். அதன் நடுவில் குழந்தை இயேசுவை வைப்பார்கள். பச்சை வாசனை அறை முழுக்க இருக்கும். உங்கள் நாடகத்தில் வேறு எதை விட்டாலும் இந்தத் தாம்பாளத்தை விடாதீர்கள்.

ராத்திரி பாட்டுக்குப் போவோம். ஆர்மோனியம், டோலாக், ஜால்ரா. ஒருத்தர் முகமூடி போட்டு வயிற்றில் தலையணை கட்டித் தாத்தா ஆட்டம் ஆடுவார். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று பார்க்கமாட்டோம், லயம் வரிசையில் எல்லா வாசலிலும் நிற்போம். தீபாவளிக்கு முறுக்கோடு போன அதே பிஸ்கட் டின், கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கோடு திரும்பி வரும். ஒரு டின் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஏழெட்டு வருடம் போய்வந்தது. மூடியில் இருந்த ராணி படம் கடைசியில் தேய்ந்து மூக்கு மட்டும்தான் மிச்சம்.

தோட்டம் இப்போது செம்பனை. லயம் இல்லை.

திரைக்குப்பின் · நவம்பர் 3, இரவு 9.10

அக்கா, அந்த டின்னை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அனுமதி உண்டா?

கூலிம்_அக்கா · நவம்பர் 3, இரவு 9.15

டின்னுக்கு என்ன அனுமதி. மூக்கு இருக்கணும், அவ்வளவுதான்.

பழைய_வானொலி · நவம்பர் 4, காலை 10.40

எல்லோரும் உருகுவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன். தோட்டத்தை மேடையில் வைத்தாலே நம் ஆட்கள் வறுமையை அழகாக்கிவிடுகிறார்கள். விடிவதற்கு முன்னே கித்தா மரத்தில் பால் வெட்டப் போய், மழை வந்தால் அன்றைய கூலி போய், கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) ஏச்சு வாங்கிய ஆட்கள் அவர்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எல்லாம் இனிமையாகத் தெரியும்.

இரண்டாவது, ஆங்கிலப் பாட்டும் நம்முடையதுதான். என் பாட்டி ஜார்ஜ்டவுனில் கான்வென்டில் படித்தவள். அரிசி புடைத்துக்கொண்டே ஆங்கில கேரல் பாடுவாள், உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். அவளுடைய பழைய காலம் அது. தொப்பியைத் தூக்கி எறிகிற வேகத்தில் அவளையும் சேர்த்து எறிந்துவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_பேரன் · நவம்பர் 4, மாலை 6.25

பழைய_வானொலி சொல்வதில் இரண்டாவது சரி. ஆனால் 'பழையது' என்ற வார்த்தையை ஒருமுறை தராசில் போட்டுப் பார்ப்போமா?

நீங்கள் சொல்லும் வாழ்த்து அட்டை முதன்முதலில் லண்டனில் விற்பனைக்கு வந்தது 1843இல். விக்டோரியா ராணி குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் அங்கே பத்திரிகையில் வந்து, எல்லா வீட்டுக்கும் மர ஆசை பரவியது 1848க்குப் பிறகு. ஜார்ஜ்டவுனே 1786இல் வந்துவிட்டது. ஆக, உங்கள் குழு கட்டும் 'தொன்மையான' தெரு, பினாங்குத் தெருக்களைவிட இளையது.

இப்போது நம் பக்கம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி எழுதியது 1800 வாக்கில். சரபோஜி மன்னரும் அவரும் ஒரே குருவிடம், ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்கள். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்றால் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடும் நாட்டிய நாடகம். தலைவி காதலில் ஏங்குவாள், குறத்தி வந்து கையைப் பார்த்துக் குறி சொல்வாள், அப்புறம் சிங்கன் தன் மனைவியான அந்தக் குறத்தியை, சிங்கியை, தேடி வருவான், பறவை பிடிப்பான். அந்தச் சட்டத்துக்குள் பெத்லகேமைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் அவர். யோசித்துப் பாருங்கள், லண்டனில் முதல் வாழ்த்து அட்டை அச்சாவதற்கு நாற்பது வருடம் முன்பே தமிழில் கிறிஸ்துமஸுக்கு மேடை வடிவம் இருந்திருக்கிறது. சமூக நாடகக் குழு ஒன்று பழைய கிறிஸ்துமஸைத் தேடினால் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

எங்கள் குடும்பம் லூத்தரன். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் தேவாலயம் 1924இல் கட்டியது. ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். சாஸ்திரியார் கீர்த்தனை இல்லாமல் எங்கள் வீட்டில் டிசம்பர் கிடையாது. தாத்தா பாடும்போது பல்லவியைத் திரும்பத் திரும்பச் சுற்றுவார், நாங்கள் பசியோடு சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

செந்தூல்வாசி · நவம்பர் 4, இரவு 8.50

லூத்தரன் தம்பி கொடி நாட்டிவிட்டார், கத்தோலிக்கன் சும்மா இருக்கலாமா :) வீரமாமுனிவர் தேம்பாவணியை முடித்தது 1726. மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பாட்டு, பாட்டுடைத் தலைவன் சூசையப்பர். எல்லா நாடகத்திலும் ஓரத்தில் தடியோடு நிற்பாரே, அவர்தான். எங்கள் பள்ளி நாடகத்தில் சூசையப்பருக்கு வசனமே இருக்காது, வசனம் மறக்கிற பையனுக்கு அந்த வேடத்தைக் கொடுப்பார்கள். எனக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்து வேலைக்கு வந்தவர்கள். மன்னார்ப் பக்கம் மூன்று ராசாக்கள் கதையை வாசாப்பாக, பாட்டும் கூத்துமாக இரவு முழுக்க ஆடுவார்கள் என்று அப்பம்மா சொல்வா. அந்த ராசாக்கள் ஜனவரி 6 வரைக்கும் குடிலுக்கு வந்து சேரமாட்டார்கள். எங்கள் வீட்டில் அவர்களை முதலில் அலமாரி மேல் வைப்போம். தினமும் ஒரு சாண் நகர்த்துவது பிள்ளைகள் வேலை. டிவி மேல், சோபா கைப்பிடி, சப்பாத்து அடுக்கு என்று சுற்றி 6ஆம் தேதி வந்து சேர்வார்கள்.

இப்போது பேரங்காடியில் 26ஆம் தேதி காலையில் மரத்தைப் பிடுங்கிவிட்டுச் சீனப் பெருநாள் விளக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். ராசாக்கள் பாதி வழியில் நிற்க, வாசலில் சிங்க நடனம்.

முருகனடியான் · நவம்பர் 5, காலை 6.58

நான் இந்து. பட்டர்வொர்த் பக்கம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒன்பது வருடம் கிறிஸ்துமஸ் தாத்தா நான்தான். காரணம், வயிறு. தலையணை மிச்சம்.

நாடகக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: தாடியைக் கோந்தில் ஒட்டாதீர்கள். வேர்வையில் கழன்று ஒரு பக்கம் தொங்கும், பிள்ளைகள் "அங்கிள்!" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காதில் மாட்டும் ரப்பரோடு வாங்கி, ரப்பரைத் தொப்பிக்குள் மறையுங்கள்.

லைட்டுக்காரன் · நவம்பர் 5, காலை 7.20

காதில் மாட்டுகிற மைக்கும் இருந்தால் ரப்பரும் வயரும் சிக்கும். தாத்தாவுக்கு மட்டும் கைமைக் கொடுங்கள்.

நேற்று_வந்தவன் · நவம்பர் 5, மதியம் 12.15

இந்த இழையில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. நான் கேட்ட பனியை இங்கே ஒருவரும் பார்த்ததில்லை. சரி, தோற்றுப்போனேன். ஆனால் அண்ணே, போஸ்டரை மறந்துவிடாதீர்கள். 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்ற வரியைப் போடுவதா இல்லையா என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள். எங்கள் இளைஞர் குழுவில் அச்சுக்குப் போகும் நாளன்று அந்த வாதம் தொடங்கி, போஸ்டர் இரண்டு முறை மாறியது. உள்ளாட்சி மன்ற அனுமதிக்கும் சீக்கிரமே எழுதிப் போடுங்கள்.

திரைக்குப்பின் · நவம்பர் 9, இரவு 10.30

எல்லோருடைய பதிவையும் அச்செடுத்து ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். மூன்று மணி நேரம் பேச்சு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு தப்பாவ் (பார்சல் சாப்பாடு) வாங்கப் போகிறோம் என்று கிளம்பி, எல்லோருக்குமாக மீ கோரேங் வாங்கித் திரும்பி வந்தார்கள். முடிவு இது:

குறத்திதான் நாடகத்தைத் திறக்கிறாள். சாஸ்திரியார் பாட்டை முழுக்க ஆட எங்களுக்குத் திறமை போதாது. ஆனால் அந்த வழியில் ஒரு குறத்தி லயத்துக்குள் வந்து கையைப் பார்த்து, "உன் வீட்டுக்கு ஒரு பிள்ளை வரப்போகுது" என்று ஒரு பால்வெட்டுப் பெண்ணிடம் சொல்கிறாள். அந்தப் பெண் "எங்க வீட்டுல ஏற்கெனவே ஆறு" என்கிறாள். (இந்த வசனம் எங்கள் தாதி எழுதியது.) அப்புறம் நட்சத்திரம் கட்டும் காட்சி, டின் போய்வரும் காட்சி, தாத்தா ஆட்டம். மழையில் கூலி போகும் காட்சி ஒன்றும் உண்டு. பழைய_வானொலிக்கு நன்றி. அதை எழுதும்போதுதான் நாடகத்துக்கு முதுகெலும்பு வந்த மாதிரி இருந்தது.

தெருவிளக்கையும் விடவில்லை. ஒரு காட்சி 1950களின் ஜார்ஜ்டவுன். ஒரு பாட்டி தெருவிளக்கடியில் அரிசி புடைத்துக்கொண்டே, 1818இல் ஆஸ்திரியாவில் கிட்டாரோடு முதன்முதலில் பாடிய அந்த 'சைலன்ட் நைட்' பாட்டை ஆங்கிலத்தில் பாடுகிறாள். நம் ஃபார்குவார் தெரு செயின்ட் ஜார்ஜ் ஆலயம் கட்டி முடிந்ததும் அதே 1818. இதை யாரோ ஒத்திகையில் சொன்னபோது செயற்குழுவின் தொப்பிக் கட்சிக்குப் பெரிய சந்தோஷம். கோட்டு ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் கையில் தொங்கும், போடவேண்டியதில்லை.

பழைய_வானொலி · நவம்பர் 9, இரவு 11.02

சுளகு சரியாகப் பிடிக்கத் தெரிந்தவரை நடிக்க வையுங்கள். தப்பாகப் பிடித்தால் பாட்டிகள் எழுந்து வந்து திருத்துவார்கள்.

கூலிம்_அக்கா · டிசம்பர் 8, காலை 8.00

தம்பி, நாடகம் 20ஆம் தேதிதானே? இன்றைக்கே நெல்லைப் போடுங்கள்.

திரைக்குப்பின் · டிசம்பர் 8, காலை 8.12

நெல் கிடைக்கவில்லை அக்கா. லிட்டில் இந்தியாவில் கேழ்வரகு வாங்கி நேற்றே தூவிவிட்டேன். மூன்று தாம்பாளம். வீட்டுக்காரி ஈரத்துணி போட்டு மூடியிருக்கிறாள், பூனை அதன்மேல் படுத்திருக்கிறது.

திரைக்குப்பின் · டிசம்பர் 21, மதியம் 3.40

நேற்று நடந்தது. ஒழுங்காக எழுதத் தூக்கம் போதவில்லை, நினைவு வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

மழை. ஏழரைக்குத் தொடங்க வேண்டியது, ஏழே முக்கால் ஆனது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் முதல் பத்து நிமிடம் குறத்தி சொன்ன குறி அவளுக்கே கேட்டிருக்காது. ஆனால் மழையில் கூலி போகிற காட்சி வந்தபோது நாங்கள் வைத்திருந்த மழைச் சத்தத்தை லைட் பையன் நிறுத்திவிட்டான். வெளியே பெய்ததே போதும். அந்தக் காட்சியில் யாரும் இருமக்கூட இல்லை.

பெட்ரோமாக்ஸ் வெள்ளை வெளிச்சம் வந்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டார். லைட்டுக்காரரே, அது உங்களுக்கு.

நட்சத்திரத்தை மேடையிலேயே கட்டினோம். ஒட்டுகிற இடத்தில் பசை பிடிக்காமல் ஒரு முனை தொங்கிவிட்டது. உபதேசியாராக நடித்தவர் திட்டத்தில் இல்லாமல் "நாளைக்கு வேற கட்டலாம்" என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. கூலிம் அக்காவின் பதிவை அவர் அத்தனை முறை படித்திருக்கிறார்.

மண்டபத்துக்குப் பின்னால், கார் நிறுத்தும் கூரைக்கடியில் இரண்டு அம்மாக்கள் அச்சு முறுக்கு சுட்டார்கள். அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காய்ச்சாமல் மாவில் முக்கினால் மாவு ஒட்டாது. அவசரத்தில் முதல் ஈடு அப்படித்தான் பாழாய்ப் போனது. இரண்டாம் ஈடு சுடும்போது தேங்காய்ப்பால் வாசனை பக்கவாட்டுச் சன்னல் வழியாக உள்ளே வந்தது. டின் காட்சி நடக்கிற நேரம். திட்டமிட்டோமா என்று பலர் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று_வந்தவன், உனக்காக ஒரே ஒரு பனி. பாட்டி பாடி முடிக்கும்போது துணித்தொட்டிலில் இருந்து துணுக்குகள். கயிறு பொறுமைசாலியிடம்தான் இருந்தது, கடைசி வரியில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. மொத்தமும் பாட்டியின் சுளகில் விழுந்தது. அவர் அலட்டிக்கொள்ளாமல் புடைத்தார்.

நேற்று_வந்தவன் · டிசம்பர் 21, மதியம் 3.55

நான் எட்டாவது வரிசையில் இருந்தேன் அண்ணே. விளக்கடியில் பனி கொட்ட, அவர் அதைப் புடைக்க... என் பக்கத்திலிருந்த பொடியன் "பாட்டி ஐஸ் சலிக்கிறாங்க" என்றான்.

செந்தூல்வாசி · டிசம்பர் 21, மாலை 5.10

சூசையப்பருக்கு வசனம் கொடுத்தீர்களா இல்லையா?

திரைக்குப்பின் · டிசம்பர் 21, மாலை 5.30

கொடுத்தோம். நான்கு வரி. மூன்றை மறந்துவிட்டார்.

கூலிம்_அக்கா · டிசம்பர் 21, இரவு 7.45

மகனோடு வந்திருந்தேன் தம்பி, மேடைக்குப் பின்னால் வந்து உங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, கூட்டம் வேறு. தாம்பாளம் மேடையில் கொஞ்சம் பின்னால் இருந்தது, இருந்தாலும் புல் தெரிந்தது. டின்னில் மூக்கும் இருந்தது.

திரைக்குப்பின் · டிசம்பர் 21, இரவு 7.52

அக்கா! சொல்லியிருக்கக் கூடாதா. சரி, வீட்டு முகவரியைத் தனிமடலில் போடுங்கள். மூன்று தாம்பாளத்தில் ஒன்று உங்களுக்கு, 24ஆம் தேதிக்குள் கொண்டுவந்து தருகிறேன். புல் இப்போதே விரல் உயரத்தைத் தாண்டிவிட்டது, நுனியைக் கத்தரித்துக் கொண்டுவரட்டுமா?

இன்னொரு விஷயம், பினாங்கு ஆட்களுக்கு: நட்சத்திரம் மண்டபத்து வாசலில் நிற்கிறது. ஆறடி அகலம், என் மைவி காரில் ஏறாது. நாளை காலை பத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். லோரி வைத்திருப்பவர் யாராவது உண்டா?

முருகனடியான் · டிசம்பர் 21, இரவு 8.03

மச்சானிடம் லோரி இருக்கிறது. காலை எட்டரைக்கு வருகிறேன். எங்கள் தாமான் வாசலில் ஜனவரி 6 வரை கட்டிவைக்கலாமா?